ரேஸ் கொடுக்கக் கொடுக்க இழுவை குறையும் பழைய கார்: இன்ஜினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1996-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, சென்னையில் பதிவானது. காலையில் முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் சீராக இருக்கிறது, ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் 60 கிலோமீட்டரைத் தாண்டி ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வேகம் கூடுவதற்குப் பதிலாக யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்குகிறது. மேலும் அழுத்தினால் உதறுகிறது. காலைச் சற்று எடுத்தால் மறுபடியும் ஓடுகிறது. மேம்பாலம் ஏறும்போது இது அதிகமாகிறது. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை இருமுறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பலனில்லை. இப்போது உங்கள் மெக்கானிக் இன்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்கிறார்.

இன்ஜினை இப்போது இறக்க வேண்டாம். ரிங் தேய்ந்த இன்ஜின் எல்லா வேகத்திலும் சோர்வாகவே இருக்கும்; காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும்; ஆயில் குடிக்கும்; நீலப் புகை விடும். அது 60 கிலோமீட்டர் வரை ஒழுங்காக இருந்துவிட்டு அதற்கு மேல் மட்டும் உதறாது, காலை எடுத்தவுடன் குணமாகவும் செய்யாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களில் மிக முக்கியமானது இதுதான்: காலைச் சற்று எடுத்தால் ஓடுகிறது. இன்ஜின் கேட்கும் அளவுக்கு ஏதோ ஒன்று வந்து சேரவில்லை, கேட்பதைக் குறைத்தால் போதுமானதாகிவிடுகிறது என்பதே அதன் பொருள். வராமல் போவது பெட்ரோலா, பொறியா, அல்லது எரிந்த புகை வெளியேற வழியா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. உதிரிபாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, குறை எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது, எதைச் செய்தால் போகிறது என்று கவனிப்பதில் இதற்கான விடை சீக்கிரம் கிடைக்கும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். உங்கள் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். ஐடிலிங்கில், அதாவது நிமிடத்திற்குச் சுமார் 800 சுற்றில், அது ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலையே குடிக்கிறது. அதே இன்ஜின் 4000 சுற்றில் ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்தப்பட்டிருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் கேட்கிறது. முழுச் சக்தியைத் தரும் உச்ச வேகத்தில் இன்னும் கூடும். பொறியின் கணக்கும் அப்படியே. 800 சுற்றில் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து விநாடிக்கு 20 பொறி போதும். 4000 சுற்றில் 100 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே, பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள முன்பு 50 மில்லி விநாடி இருந்தது, இப்போது 10 மில்லி விநாடிதான் இருக்கிறது. ஆகவே ஐடிலிங் சீராக இருப்பது எதையும் நிரூபிப்பதில்லை. பாதி அடைத்த குழாயும் பாதி செத்த காயிலும் ஐடிலிங்கிற்குத் தாராளமாகப் போதும்.

அதேபோல், வண்டியை நிறுத்தி வைத்து நியூட்ரலில் ரேஸ் கொடுத்து, "பாருங்கள் சார், நன்றாகத்தானே ஏறுகிறது" என்று பட்டறையில் காட்டுவார்கள். சுமை இல்லாத இன்ஜினை 4000 சுற்றுக்குக் கொண்டுபோக, திராட்டில் (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் காற்றுவழியைத் திறக்கும் தகடு) கொஞ்சம் திறந்தாலே போதும். காற்றும் பெட்ரோலும் குறைவாகவே செல்லும், சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவாகவே இருக்கும், பலவீனமான பொறிகூட அங்கே தாவிவிடும். சுமையோடு சோதிக்காத சோதனையை நம்ப வேண்டாம்.

இன்ஜினைத் தொடுவதற்கு முன், செலவில்லாத மூன்று பார்வைகள் இருக்கின்றன. ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் ஓடாத நிலையில், ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தச் சொல்லிவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் பாருங்கள். திராட்டில் தகடு முழுமையாக நிமிர்ந்து நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்தோ பெடலுக்கு அடியில் தடித்த மிதியடி மடிந்தோ இருந்தால் அது முக்கால்வாசிதான் திறக்கும். சொல்ல வெட்கமாக இருந்தாலும், நான் பார்த்த "இழுவை இல்லாத" வண்டிகளில் சிலவற்றின் முழு நோயும் இவ்வளவுதான். அடுத்து, பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது, அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் மட்டும் ஏறாமலிருந்தால் அது கிளட்ச் நழுவுவது. உங்கள் வண்டியில் இன்ஜினே உதறுகிறது என்பதால் கிளட்சை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

இனி முக்கியமான சோதனை. உங்கள் வண்டியின் டேஷ்போர்டில் கையால் இழுக்கும் சோக் இருக்கிறது. இன்றைய வண்டிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி அது. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், குறை வரும்வரை ஓட்டி, அது உதறிக்கொண்டிருக்கும்போதே காலை எடுக்காமல் சோக்கைக் கால்பங்கு இழுங்கள். சோக் காற்றின் வழியைக் குறுக்கிக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. இழுத்தவுடன் வண்டி சமாளித்துக்கொண்டு இழுக்கத் தொடங்கினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது ஏறத்தாழ உறுதி; பொறியையும் சைலன்சரையும் மறந்துவிட்டு டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியைத் தேடலாம். மாற்றமே இல்லையென்றால் பொறியின் பக்கமோ புகைபோகும் பக்கமோ பார்க்க வேண்டும். இன்னும் மோசமாகி, கருப்புப் புகை வந்தால், கலவையில் ஏற்கெனவே பெட்ரோல் மிகுந்திருக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றியவர் இதை ஒருமுறை செய்திருந்தால் அந்த இரண்டு முறையும் கழற்றியிருக்கத் தேவையிருக்காது.

இதோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியதிலிருந்து குறை தெரிவதற்கு எத்தனை விநாடி ஆகிறது? கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் சில மேசைக்கரண்டி பெட்ரோல்தான் எப்போதும் இருக்கும். மணிக்கு 8 லிட்டர் என்றால் நிமிடத்திற்கு 130 மில்லிலிட்டருக்குச் சற்று மேல். பம்பிலிருந்து வரத்து குறைந்திருந்தால் அந்தக் கிண்ணம் பத்து, இருபது, முப்பது விநாடியில் வற்றும். ஆகவே முதலில் நன்றாக இழுத்து, அரை நிமிடத்திற்குள் சோர்ந்து, காலை எடுத்துச் சற்று ஓட்டியபின் மறுபடியும் அதே அளவு நேரம் நன்றாக இழுத்தால், கிண்ணம் நிரம்பி வற்றி நிரம்புகிறது என்று பொருள். குறை கிண்ணத்திற்கு முந்தைய வழியில் இருக்கிறது. மாறாக, அழுத்திய அதே நொடியில் தடுமாறி, பின்பு சமாளித்துக்கொண்டு ஏறினால் அது கார்புரேட்டரிலுள்ள ஆக்சிலரேட்டர் பம்பின் டயாபிரம், அதாவது ரப்பர் சவ்வு. கிண்ணம் நிறையப் பெட்ரோல் இருந்தும் ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் எப்போதுமே கலவை மெலிந்தால், பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான மெயின் ஜெட். பதினைந்து, இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெதுவாக மோசமாகிக்கொண்டே போனால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுபடும். மூடியைத் தளர்த்திவைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

ஒரு வண்டியை இங்கே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பழைய கார் வந்தது. அதன் நோய் விசித்திரமானது: நெடுஞ்சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடியதும் சோர்ந்து நின்றுவிடும், ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகி மறுபடியும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடும். உரிமையாளர் பம்பை மாற்றியிருந்தார், கார்புரேட்டரையே மாற்றியிருந்தார், காயிலை மாற்றியிருந்தார். நானும் முதலில் வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினேன். கடைசியில் டேங்கை இறக்கிப் பார்த்தால் உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பாலித்தீன் துண்டு. இன்ஜின் அதிகம் இழுக்கும்போது அது மிதந்து வந்து உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்று உறிஞ்சல் போனதும் தானே விழுந்துவிடும். நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது அதை இழுத்து ஒட்டவைக்கும் அளவுக்கு ஓட்டம் இல்லை. அன்றிலிருந்து, நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் என் கண் முதலில் டேங்கின் பக்கமே போகிறது.

உங்கள் வண்டியில் பம்பின் வரத்தை அளப்பது எளிது. பெட்ரோலோடு விளையாடுகிறோம் என்பதால் இன்ஜின் குளிர்ந்த நிலையில், திறந்த இடத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கார்புரேட்டருக்குள் செல்லும் குழாயைக் கழற்றி, நீளமான ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியை இன்ஜினிலிருந்து தள்ளி வைத்த பாட்டிலுக்குள் விடுங்கள். கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோலில் இன்ஜின் அரை நிமிடத்திற்கு மேல் ஐடிலிங்கில் ஓடும்; அந்த நேரத்தில் பம்ப் எவ்வளவு ஊற்றுகிறது என்று அளக்கலாம். முழுச் சக்தியில் இந்த இன்ஜினுக்கு நிமிடத்திற்கு 200 மில்லிலிட்டர் வரை தேவைப்படும். ஐடிலிங்கிலேயே அதைவிடத் தாராளமாக, ஒவ்வொரு துடிப்பிலும் தெறித்து விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், அல்லது குமிழிகளோடு வந்தால், உடனே பம்பைக் குறை சொல்லாதீர்கள். பம்பின் உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி, ஒரு கேனில் உள்ள சுத்தமான பெட்ரோலில் நேரடியாக விட்டு மறுபடி அளங்கள். இப்போது தாராளமாக வந்தால் பம்ப் நல்லது. பின்னாலிருந்து வரும் குழாய், ஃபில்டர், டேங்க் இவற்றில் ஒன்றில்தான் அடைப்பு. இப்போதும் வராவிட்டால் பம்பின் டயாபிரம் அல்லது அதன் வால்வுகள். டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலப்பதும் உண்டு என்பதால், டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள்.

உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மறைவான குறை உண்டு. அங்கே குழாயில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும்; ஆகவே தரையில் ஈரம் தேடிப் பயனில்லை. கிளாம்புகளுக்கு அருகே ரப்பர் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். இதில் இன்றைய பெட்ரோலுக்கும் பங்குண்டு. உங்கள் வண்டி உருவான காலத்தில் எத்தனால் கலந்த பெட்ரோல் இங்கே வழக்கத்தில் இல்லை. இந்தியாவில் 2022-இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023 தொடக்கத்திலிருந்து 20 சதவீதக் கலப்பு படிப்படியாகப் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. அந்தக் காலத்து ரப்பர் பலவும் எத்தனாலைத் தாங்குவதில்லை: சில குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கித் துவாரத்தைக் குறுக்கிக்கொள்ளும், சிலவற்றில் உள் உறை பிரிந்து தொங்கும், பம்பின் டயாபிரம் விறைக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியின் டேங்கில் அது துருவைக் கிளப்பிவிட, அந்தத் துரு ஃபில்டருக்கு வந்து சேரும். போதாததற்கு, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவை மாற்றாமல் 20 சதவீதக் கலப்பை ஊற்றினால் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் மெலிகிறது. நல்ல நிலையிலுள்ள கார்புரேட்டர் அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் கார்புரேட்டர் அதைத் தாண்டாது. எத்தனாலின் தலையில் எல்லாப் பழியையும் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே இருந்த குறையை வெளியே கொண்டுவருகிறது. ஆனால் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பழைய குழாய்கள் எல்லாவற்றையும், எத்தனால் தாங்கும் ரகத்தில், ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது. தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடும் பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வரத்து நன்றாக இருந்தும் சோக் சோதனை "பெட்ரோல் போதவில்லை" என்றால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். அதுவும் "சர்வீஸ்" என்ற பெயரில் மேலோட்டமாகப் பெட்ரோலில் கழுவிக் காற்றடிப்பதற்கு அல்ல. ஊசி வால்வு முழுமையாகத் திறக்கிறதா, அதன் வாயில் உள்ள சிறு வலை அடைத்திருக்கிறதா, ஃப்ளோட் மட்டம் தாழ்ந்திருக்கிறதா, மெயின் ஜெட்டின் துளை வெளிச்சத்தில் வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. பித்தளை மெத்தென்றது, ஒருமுறை குத்தினால் துளையின் அளவே போய்விடும். உங்கள் இன்ஜினின் கார்புரேட்டரில் இரண்டு பேரல்கள், அதாவது கலவை செல்லும் இரண்டு குழல்கள், உண்டு. முதல் பேரல் மட்டும் வேலை செய்தால் ஊருக்குள் எந்தக் குறையும் தெரியாது. நெடுஞ்சாலையில் மூச்சு முட்டும். இரண்டாவது பேரலின் திராட்டில் தகட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். பல ஆண்டுகள் திறக்காமலேயே கிடந்து பிசுக்கேறி ஒட்டிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் அந்தக் குறை வண்டியைச் சோம்பலாக்குமே தவிர உதறவைக்காது. அதனால் உங்கள் விஷயத்தில் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

சோக்கை இழுத்தும் மாற்றமில்லையென்றால் பொறிக்கு வாருங்கள். சுமை கூடக்கூடச் சிலிண்டரில் அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும்; அந்த மின்னழுத்தம் தனக்கு எளிதான வேறு வழி கிடைத்தால் அதன் வழியே போய்விடும். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு வரி ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அந்தக் கள்ள வழி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினின் பிளக் வயர்கள் மீது மெல்லிய நீர்த்தூறலைத் தெளித்தால், கசியும் இடங்களில் நீலப் பொறி ஓடுவது தெரியும். அப்போது வயர்களையும் சுற்றும் பெல்ட்டையும் தொடாமல் விலகி நில்லுங்கள். வயர்கள் பழையவையென்றால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மூடியைக் கழற்றியபோதே உங்கள் வண்டியில் சி.பி. பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் இரு உலோக முனைகள்) இருக்கிறதா, மின்னணு முறை இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பாயிண்ட் என்றால் அதன் முகங்களைப் பாருங்கள்: ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியும் இருந்தால் கண்டென்சர் சரியில்லை. இடைவெளி மிகையானால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைந்து, நான் முதலில் சொன்ன 10 மில்லி விநாடிக் கணக்கில் காயிலுக்குக் கிடைக்கும் பங்கு இன்னும் சுருங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அதிக வேகத்தில் பாயிண்ட் மூடாமல் துள்ளும். இவற்றால் வரும் உதறலுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு: அது ஏறத்தாழ ஒரே சுற்று வேகத்தில், எந்தக் கியரிலும், வெட்டினாற்போல் வரும். பெட்ரோல் குறைவதால் வரும் சோர்வு மெல்ல வந்து மெல்லப் போகும். காயில் சூடானபின் மட்டும் குறை வருமானால், குறை வந்த நேரத்தில் காயிலின் மீது ஈரத்துணியைப் போட்டுப் பாருங்கள். குணமானால் காயிலை மாற்றுங்கள்.

பொறி வலுவாக இருந்தும் நேரம் தவறி விழலாம். இது மெக்கானிக்குகளே அதிகம் கவனிக்காத இடம் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சிலிண்டருக்குள் கலவை பற்றி எரிந்து முடிக்கச் சில மில்லி விநாடிகள் ஆகும். 800 சுற்றில் ஒரு மில்லி விநாடியில் கிராங்க் 5 டிகிரிகூடத் திரும்புவதில்லை. 4000 சுற்றில் அதே ஒரு மில்லி விநாடியில் 24 டிகிரி திரும்பிவிடுகிறது. ஆகவே வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு எடைகள் சுழற்சியில் விரிந்து அந்த வேலையைச் செய்கின்றன. அவை துருப்பிடித்து அசையாமல் நின்றுவிட்டால், ஐடிலிங்கில் டைமிங் கச்சிதமாக இருக்கும், மேலே போகப் போக வண்டி கனத்துவிடும். எரிதல் தாமதமாவதால் எக்சாஸ்ட் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், இன்ஜினும் சூடேறும். டைமிங் லைட்டை வைத்துக்கொண்டு ரேஸ் கொடுத்தால், கிராங்க் புல்லியின் குறி சீராக நகர்ந்து விலக வேண்டும். நகராமல் நின்றால் எடைகள் பிடித்துக்கொண்டன. லைட் இல்லாதவர், ரோட்டரைக் கையால் அது சுழலும் திசையில் சற்றுத் திருப்பி விடலாம். ஸ்பிரிங் அதைப் பழைய இடத்திற்கே இழுக்க வேண்டும். இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியை முன்கூட்டும் வேக்யூம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சிப் பிடித்துப் பார்த்து, பிடித்த உறிஞ்சல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது வழி எக்சாஸ்ட். 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. உங்கள் வண்டி 1996, சென்னைப் பதிவு. ஆகவே யாரும் இடையில் கழற்றிப் போடவில்லையென்றால் அதில் கன்வெர்ட்டர் இருக்க வேண்டும். அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அடுக்கு உண்டு. நீண்ட நாள் மிஸ்ஸிங்கோடு ஓட்டிய வண்டியில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அது உருகி அடைத்துக்கொள்ளும். அல்லது உடைந்து, துண்டுகள் சைலன்சரின் வாயில் போய் நிற்கும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கலகலவென்று ஆடும் சத்தம் கேட்கும். அடைத்த எக்சாஸ்டில் வண்டி உதறாது. அழுத்த அழுத்த ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். வேக்யூம் கேஜ் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: நல்ல இன்ஜின் கடல்மட்டத்தில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், 2500 சுற்றில் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வழி அடைத்திருக்கிறது. கேஜ் இல்லாதவர், எக்சாஸ்ட் குழாயின் முன் இணைப்பைத் தளர்த்திச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஒருமுறை சுருக்கமாக ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

மலையில் ஏறும்போது மட்டும் இழுவை குறைகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். கார்புரேட்டர் இன்ஜின் அங்கே நாலில் ஒரு பங்குச் சக்தியை இழப்பதும், கலவை கெட்டியாகிப் புகைப்பதும் நோயல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் வெயில் நேரத்தில் நின்று போனால் அது பெட்ரோல் ஆவியாவது. பம்பில் ஈரத்துணி சுற்றும் அந்தக் காலத்து வைத்தியம் இன்றும் பலிக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் குறை நீடித்தால் மட்டுமே இன்ஜினின் உள்ளே பார்க்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, சூடான இன்ஜினில் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். அளவைவிட மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் குறைந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றால் ஹெட்டை இறக்கினால் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. அண்மையில் டைமிங் பெல்ட் மாற்றியிருந்தால், அதற்குப் பிறகுதான் இந்தக் குறை வந்தது என்றால், பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வைத்து என் பந்தயத்தைச் சொல்ல வேண்டுமானால், பெட்ரோல் வரத்தின் மேல்தான் வைப்பேன். அதிலும் பம்புக்குப் பின்னால், டேங்கிலிருந்து வரும் உறிஞ்சு குழாயின் மேல். மேம்பாலத்தில் மோசமாவதும், காலை எடுத்தால் குணமாவதும், இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றியும் பலனில்லாமல் போனதும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் சாலையில் சோக்கை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததும் என்ன நடந்தது, அழுத்தியதிலிருந்து எத்தனையாவது விநாடியில் உதறல் தொடங்கியது என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். அதுவரை மெக்கானிக்கிடம் ரிங் வாங்க முன்பணம் கொடுக்க வேண்டாம்.